முந்நூறு பவுண்டிலிருந்து மொட்டைமாடி வரை: ஆர்க்கிட் வீட்டுக்கு வந்த கதை

ஆர்க்கிட் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கல்யாண ரிசப்ஷன் மேடையில் வரிசையாகச் செருகியிருக்கும் ஊதாப் பூக்கள் வரலாம். பெரிய ஹோட்டல்களின் வரவேற்பு மேசையில் ஒற்றைக் காம்பாக நிற்கும் வெள்ளைப் பூ வரலாம். "அதெல்லாம் பணக்காரங்க வீட்டுப் பூ", "ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர் இருந்தாத்தான் வரும்", "அது புல்லுருவி ஜாதி, மரத்தோட சாற்றை உறிஞ்சி வாழும்". ஆர்க்கிட்டைப் பற்றி நம் ஊரில் பொதுவாகச் சொல்லப்படும் மூன்று விஷயங்கள் இவை. மூன்றுமே தவறு!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகளும், அவற்றை நம்பி எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்திருக்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் தார் இளகும் ஊர் இது. இங்கேயும் ஒரு பால்கனியில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய டெண்ட்ரோபியம் ஆர்க்கிட், கரித்துண்டு நிரப்பிய தொட்டியில் பூத்து நிற்க முடியும். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பிரபுக்கள் மட்டுமே வாங்க முடிந்த செடி வகை இது.

விலை ஏன் குறைகிறது என்று வணிகவியல் மாணவர்களைக் கேட்டால் "வரத்து கூடியிருக்கும், இல்லையென்றால் கிராக்கி குறைந்திருக்கும்" என்பார்கள். ஆர்க்கிட் விஷயத்தில் கிராக்கி குறையவே இல்லை. வரத்து கூடியது உண்மைதான். ஆனால் அது கூடியதற்குக் காரணம், மனிதர்களின் அறியாமை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அந்தச் செடி தன் சொந்த இடத்தில் எப்படி வாழ்கிறது என்று யாராவது ஒருவர் பொறுமையாகக் கவனித்தபோதெல்லாம் அதன் விலை ஒரு படி இறங்கியிருக்கிறது. ஆர்க்கிட் வளர்ப்பின் வரலாறே இதுதான்.

கதை நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது.

சோழமண்டலக் கரையின் ஆர்க்கிட்

1776ல் வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காக மதராஸ் வந்தார். வைத்தியத்தைவிடச் செடிகொடிகளில்தான் அவருக்கு ஆர்வம். மதராஸ் மாகாணத்தின் வடபகுதியில் இருந்த சாமல்கோட்டையில் பல ஆண்டுகள் தங்கி, இந்திய ஓவியர்களைக் கொண்டு கடற்கரைச் சமவெளியின் தாவரங்களை வரைய வைத்தார். அந்தப் படங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவை 'சோழமண்டலக் கரையின் தாவரங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் 1795 முதல் லண்டனில் நூலாக வெளிவந்தன. மூன்று தொகுதிகள், 300 படங்கள்.

முதல் தொகுதியின் 42ஆவது படம் ஓர் ஆர்க்கிட். பச்சை கலந்த மஞ்சள் இதழ்கள், அவற்றின்மேல் வலை பின்னியது போலப் பழுப்புக் கோடுகள், நடுவில் நீலம் கலந்த ஊதா உதடு. கட்டம் கட்டமாக இருந்ததால் லத்தீனில் 'டெசல்லேட்டா' என்று பெயர் வைத்தார் ராக்ஸ்பர்க். இன்று அதன் அறிவியல் பெயர் வாண்டா டெசல்லேட்டா. அதற்கு அடுத்த படமும் இதே சமவெளியில் வளரும் ஆர்க்கிட்தான். தடித்த இலையும், மஞ்சளில் பழுப்புப் பட்டை போட்ட சிறு பூக்களும் கொண்ட அகாம்பே.

இரண்டும் மலைச் செடிகள் அல்ல. புளி, மா, இலுப்பை போன்ற பழைய மரங்களின் கிளைகளில், வெயிலும் உப்புக் காற்றும் படும் இடத்தில் வாழ்பவை. ஆக, குளிர் இருந்தால்தான் ஆர்க்கிட் வரும் என்ற வாதம் 1795லேயே அச்சில் அடிபட்டுப் போய்விட்டது!

'வாண்டா' என்ற பெயரும் இந்தியப் பெயர்தான். மரத்தின்மேல் வளரும் செடிகளைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல் அது. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் தன் தாவரக் குறிப்புகளில் அதை எடுத்தாண்டார். பிறகு 1820ல் ராபர்ட் பிரவுன் அதையே ஒரு பேரினத்தின் பெயராக்கினார். இன்று உலகம் முழுக்க நர்சரிகளில் விற்கும் 'வாண்டா' என்ற பெயருக்கு மூலம் இதுதான்.

இதற்கும் முன்பே கேரளத்தில் ஒரு பெரிய பணி நடந்திருக்கிறது. டச்சு ஆளுநர் வான் ரீடு, இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் உதவியோடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்தது. கடைசித் தொகுதியில் பல ஆர்க்கிட்டுகள் உள்ளன. அவற்றுக்கு அங்குள்ள மக்கள் சொன்ன பெயர் 'மரவாழ'. எந்த மரத்தின்மேல் வளர்கிறதோ அந்த மரத்தின் பெயரையும் முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். நரிவால் போல நீண்டு பூக்கும் ஆர்க்கிட்டுக்கு 'ஆஞ்சிலி மரவாழ' என்று பெயர். செடியின் பெயரிலேயே அதன் முகவரியும் இருந்தது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் தவறவிட்டது இந்த முகவரியைத்தான்.

தமிழ்நாட்டில் அடுத்த பெரிய பெயர் ராபர்ட் வைட். 1838 முதல் 1853 வரை அவர் மதராஸிலேயே அச்சிட்டு வெளியிட்ட தாவரப் படத்தொகுப்பில் 2,101 படங்கள் உள்ளன. வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். 1853ல் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார். கம்பெனி அதிகாரிகளின் பெயர்களையும் பிரபுக்களின் பெயர்களையும் செடிகளுக்குச் சூட்டிக்கொண்டிருந்த காலத்தில், சம்பளத்துக்குப் படம் வரைந்த ஓவியரின் பெயர் ஒரு பேரினத்துக்கு வைக்கப்பட்டது! பின்னால் வந்த வகைப்பாட்டில் அந்தப் பெயர் வழக்கொழிந்து போனது வேறு கதை.

வேகவைத்துக் கொன்றார்கள்

படங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன. செடிகள் போய்ச் சேர்ந்தனவா என்றால், பெரும்பாலும் இல்லை. மாதக்கணக்கில் கப்பல் பயணம், உப்புத் தண்ணீர், இருட்டு. வழியிலேயே செத்துப் போயின.

இந்தப் பிரச்சினையைத் தீர்த்தது ஒரு பெட்டி. நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் 1829ல் ஒரு கண்ணாடிப் புட்டியை மூடி வைத்திருந்தபோது, அதற்குள் இருந்த ஈரமண்ணில் செடிகள் தானாக முளைத்திருப்பதைப் பார்த்தார். உள்ளே ஆவியாகும் நீர் திரும்ப உள்ளேயே சொட்டுகிறது. வெளியிலிருந்து நீர் ஊற்ற வேண்டியதே இல்லை! 1833ல் இதே முறையில் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை சிட்னி வரை அனுப்பிப் பார்த்தார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து துறைமுகத்துக்கு வரிசையாகப் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பெட்டி வணிகத்தையே எப்படி மாற்றும் என்று விளக்கத் தேவையில்லை.

செடிகள் இப்போது உயிரோடு இங்கிலாந்தில் இறங்கின. இறங்கிய பின் செத்தன! காரணம் எளிமையானது. ஆர்க்கிட் வெப்ப நாடுகளிலிருந்து வருகிறது. வெப்ப நாடு என்றால் சூடு, இருட்டுக் காடு, புழுக்கம். இப்படி ஒரு கற்பனை. அந்தக் கால ஆர்க்கிட் நிபுணர்களில் முதல்வரான ஜான் லிண்ட்லியே 1830ல் அதிகச் சூடு, அடர்ந்த நிழல், மிகுந்த ஈரம் ஆகிய மூன்றையும் பரிந்துரைத்தார். தோட்டக்காரர்கள் கண்ணாடி வீட்டை இறுக மூடி, உள்ளே அடுப்பெரித்து, ஆவி பறக்க வைத்தார்கள். கிட்டத்தட்ட இட்லி அவிப்பது மாதிரி. இமயமலையில் குளிர்காற்றில் வளர்ந்த செடியும் அதே பானைக்குள்தான், சமவெளிச் செடியும் அதே பானைக்குள்தான்.

இதை மாற்றியவர்களில் ஒருவர் டெவன்ஷயர் பிரபுவின் தோட்டக்காரரான ஜோசப் பாக்ஸ்டன். பிரபுவுக்கு 1833 வாக்கில் ஆர்க்கிட் பைத்தியம் பிடித்தது. 1835ல் ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர் காசி மலைப்பகுதியில் சேகரித்துக்கொண்டு 1837ல் திரும்பினார். பாக்ஸ்டன் செய்தது என்னவென்றால், கண்ணாடி வீட்டின் சன்னலைத் திறந்தார்! காற்றோட்டம் விட்டார். எல்லாச் செடியையும் ஒரே சூட்டில் போடாமல், அவை வந்த இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு வெப்பநிலையில் பிரித்து வைத்தார். செடிகள் பிழைக்க ஆரம்பித்தன.

ஒரு ஆள் சுமை 300 பவுண்டு

பாடம் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடவில்லை. 1850ல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் காசி மலைக்கு வந்தார். அங்கே ஓக் மரங்களின்மேல் நீல வாண்டா பூத்துக் குலுங்கியது. அவர் தன் பயணநூலில் பதிந்திருக்கும் கணக்கு, ஒரு வணிகவியல் வகுப்பில் பாடமாக வைக்கத் தகுந்தது.

ஹூக்கரும் அவருடைய நண்பர் தாம்சனும் கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை வாண்டாவைச் சேகரித்தார்கள். சிலதான் உயிரோடு இங்கிலாந்து சேர்ந்தன. இடத்தைக் காட்டச் சொல்லி இவர்களோடு தன் தோட்டக்காரரை அனுப்பிய இன்னொருவர், ஒரே ஒரு ஆள் சுமையை விற்பனைக்கு அனுப்பினார். அது மோசமான நிலையில் போய்ச் சேர்ந்தும் 300 பவுண்டுக்கு விலை போனது. ஒரு செடி 3 முதல் 10 பவுண்டு வரை!

ஏழு சுமையில் பெரும்பகுதி நஷ்டம். ஒரு சுமையில் கொள்ளை லாபம். அந்த விலையைத் தாங்கி நின்றது பூவின் அழகு மட்டுமல்ல. பாதி வழியிலும் கண்ணாடி வீட்டிலும் செத்த செடிகளின் செலவும் அந்த விலைக்குள் இருந்தது. யாராலும் அதைப் பெருக்க முடியாது. செத்தால் மறுபடி காட்டுக்குத்தான் போக வேண்டும். வாங்கியவர் செடிக்கு மட்டும் விலை கொடுக்கவில்லை, தன் தோட்டக்காரரின் அறியாமைக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்.

ஹூக்கர் இன்னொன்றையும் கவனித்தார். இந்த வாண்டா காசி மலையில் திறந்த வெளியில், வெயிலும் காற்றும் குளிர்காலக் குளிரும் படும் இடத்தில் வளர்கிறது. இங்கிலாந்தில் அதை வளர்க்கும் முறையோ இதற்கு நேர் எதிர் என்று எழுதினார்.

இதற்கிடையே பி. எஸ். வில்லியம்ஸ் என்ற தோட்டக்காரர் 'லட்சோப லட்சம் பேருக்கான ஆர்க்கிட்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரைத் தொடர் எழுதி, 1852ல் அதைப் புத்தகமாக்கினார். தலைப்பு அருமை. ஆனால் லட்சோப லட்சம் பேருக்கு அது போய்ச் சேர இன்னும் நூறு வருடம் ஆனது.

நாலாயிரம் மரங்கள்

கிராக்கி ஏறியது, பெருக்கும் வழி தெரியவில்லை. அப்புறம் என்ன நடக்கும்? மூலதனத்தையே தின்ன ஆரம்பிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிரெட்ரிக் சாண்டர் போன்ற பெரிய வியாபாரிகள் உலகம் முழுக்க ஆட்களை அனுப்பி ஆர்க்கிட்டுகளை அள்ளினார்கள். மிலிக்கன் என்ற சேகரிப்பாளர் 1891ல் எழுதிய பயணநூலில், கொலம்பியாவில் சுமார் 10,000 செடிகளுக்காக 4,000 மரங்களை வெட்டியதாகப் பதிவு செய்திருக்கிறார். மரத்தில் ஏறுவதைவிட மரத்தை வெட்டுவது சுலபம் என்பதுதான் காரணம்.

ஆர்க்கிட்டை 'உறிஞ்சி வாழும் புல்லுருவி' என்கிறோம் அல்லவா? மரத்தின்மேல் வளரும் ஆர்க்கிட் அந்த மரத்திடமிருந்து ஒரு சொட்டுச் சாறும் எடுப்பதில்லை. நிற்க இடம் மட்டும்தான் கேட்கிறது. வேரின்மேல் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. மழையையும் பனியையும் அது பிடித்துக்கொள்ளும். பட்டையில் தங்கும் தூசியும் மக்கிய இலையும்தான் உரம். உண்மையான புல்லுருவி மரத்துக்குள் வேர்விட்டு உறிஞ்சும். இது வாடகைக்கு இருக்கும் ஆள் மாதிரி. சாப்பாடு தன் செலவு. மரங்களைச் சாய்த்தது ஆர்க்கிட் அல்ல, ஆர்க்கிட்டை விரும்பியவர்கள்.

தூசிக்குள் இருந்த ரகசியம்

ஏன் பெருக்க முடியவில்லை? ஒரு ஆர்க்கிட் காயில் லட்சக்கணக்கில் விதைகள் இருக்கும். ஆனால் அவை தூசி அளவுதான். நெல், கடலை போன்றவை குஞ்சு முளைக்கும்வரை சாப்பிடக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகின்றன. ஆர்க்கிட் விதையில் அந்தக் கட்டுச்சோறு கிடையாது. மண்ணில் தூவினால் முளைப்பதே இல்லை.

1899ல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி காரணத்தைக் கண்டுபிடித்தார். விதைக்குள் ஒரு வகைப் பூஞ்சை நுழைந்தால்தான் அது முளைக்கிறது. அந்தப் பூஞ்சைதான் சோறு ஊட்டுகிறது. 1922ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் அடுத்த படிக்குப் போனார். பூஞ்சை கொடுப்பது சாப்பாடுதானே, அதை நாமே கொடுத்துவிட்டால் என்ன? சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகார் கூழில், கிருமி புகாத கண்ணாடிக் குடுவையில் விதைகளைத் தூவினார். பூஞ்சை இல்லாமலே முளைத்தன!

1960ல் ஜார்ஜ் மோரெல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், சிம்பிடியம் ஆர்க்கிட்டின் நுனிக்குருத்தை வெட்டிக் குடுவையில் வளர்த்து, ஒரே செடியிலிருந்து அச்சு அசலான பல செடிகளை உண்டாக்கும் வழியைக் காட்டினார். ஒரகடத்தில் 2010லிருந்து கார்கள் வருவது போல, ஒரே வார்ப்பில் ஆயிரமாயிரம் செடிகள். பரிசு வாங்கிய ஓர் ஆர்க்கிட்டின் நகல், இனி யார் வீட்டுக்கும் போகலாம். காட்டுக்குள் கோடாரியோடு போனவர்களுக்கு இனி வேலை இல்லை என்ற நிலைமையை முதலில் உருவாக்கியது சட்டம் அல்ல, இந்தச் சர்க்கரைக் கூழ்தான்.

சட்டமும் பின்னாலேயே வந்தது. 1975ல் நடைமுறைக்கு வந்த, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. இந்தியாவின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 1991 திருத்தத்தின் மூலம் தாவரங்களும் சேர்க்கப்பட்டன. ஹூக்கர் ஏழு சுமை அள்ளிய அதே நீல வாண்டாவும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது.

ஒரு வீட்டுத் தோட்டம், ஒரு தேசியப் பூ

இதுவரை சொன்னதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் வெப்ப நாட்டுச் செடியோடு போராடிய கதை. வெப்ப நாட்டிலேயே, கண்ணாடி வீடு எதுவும் இல்லாமல், வீட்டுத் தோட்டத்தில் என்ன நடந்தது? அதற்குத் தமிழர்கள் நன்கறிந்த ஓர் ஊரைப் பார்க்க வேண்டும்: சிங்கப்பூர்.

ஆக்னஸ் ஜோக்கிம் ஆர்மீனிய வம்சாவளியைச் சேர்ந்த பெண்மணி. தோட்டக்கலையில் தேர்ந்தவர். 1893ல் தன் தோட்டத்தில் பூத்த ஒரு புது ஆர்க்கிட்டைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் கொண்டுபோய்க் காட்டினார். இரண்டு வாண்டாக்களின் கலப்பு அது. ரிட்லி அதற்கு 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' என்று பெயரிட்டார். அவரே கலப்புச் செய்து உண்டாக்கினாரா, இல்லை தானாக உண்டானதைக் கண்டெடுத்தாரா என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. உருவாக்கியவர் அவர்தான் என்று 2016ல் சிங்கப்பூர் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. அவர் 1899லேயே இறந்துவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தச் செடியின் சிறப்பு, இதற்கு எந்தச் சொகுசும் வேண்டாம். நல்ல வெயிலில் கம்பு நட்டு விட்டால் வேலி மாதிரி ஏறிப் பூக்கும். துண்டு வெட்டி அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம். 1928ல் சிங்கப்பூர்ப் பூங்காவில் ஹோல்ட்டம் என்பவர் குடுவையில் விதை முளைக்க வைக்கும் முறையைக் கொண்டு கலப்பின வேலையைத் தொடங்கினார். வெப்ப நாட்டு வீடுகளுக்கு ஏற்ற ஆர்க்கிட்டுகள் அங்கிருந்தும், பின்னர் தாய்லாந்திலிருந்தும் வந்து குவிந்தன. 1981ல் வாண்டா மிஸ் ஜோக்கிம் சிங்கப்பூரின் தேசியப் பூவானது. பின்னர் வெளியான ஒரு சென்ட் நாணயத்தின் ஒரு பக்கத்தில் இந்தப் பூ. மறுபக்கத்தில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில், அதில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும்! முந்நூறு பவுண்டில் பேசப்பட்ட வாண்டா வம்சம், இருப்பதிலேயே சிறிய காசுக்கு வந்து சேர்ந்தது. இதைவிடப் பொருத்தமான முடிவு கிடைக்குமா?

நம் பால்கனியில்

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், படப்பைப் பக்கம் ஆர்க்கிட் வளர்க்க நினைப்பவர்கள் பின்பற்ற வேண்டிய விதிகள் எல்லாமே மேலே சொன்ன வரலாற்றிலிருந்து வந்தவைதான்.

முதல் விதி, எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். டெண்ட்ரோபியம் கலப்பினங்கள், வாண்டா, மொக்காரா மூன்றும் நம் சூட்டைத் தாங்கும். ஃபெலனாப்சிஸ் நேர்வெயில் படாத வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்கும். மலைவாசஸ்தலம் போன இடத்தில் ஆசையாக வாங்கிவரும் சிம்பிடியத்தை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். அதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும், இல்லையென்றால் பூக்காது. குளிர்ச்செடியை வேகவைத்த இங்கிலாந்துக்காரர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாமும் அதையே செய்யலாமா?

இரண்டாவது விதி, காற்று. மண்ணில் நடவே கூடாது. ஓட்டை நிறைய உள்ள தொட்டியில் கரித்துண்டு, உடைத்த செங்கல், தேங்காய் மட்டைத் துண்டு போட்டால் போதும். வாண்டாவுக்கு அதுவும் வேண்டாம். மரச்சட்டக் கூடையில் வேர் தொங்கத் தொங்க மாட்டலாம். ஏசி வெளிப்பெட்டியின் அனல்காற்று படும் இடம் மட்டும் ஆகாது.

மூன்றாவது, வெளிச்சம். காலை வெயில் நல்லது. மதிய வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை போதும். இருட்டு மூலையில் வைத்தால் இலை கரும்பச்சையாகச் செழிக்கும், பூ மட்டும் வராது.

நான்காவது, தண்ணீர். வேரே சொல்லிவிடும். வெள்ளி நிறமாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும் என்று அர்த்தம். கோடையில் கூடையில் தொங்கும் வாண்டாவுக்குத் தினம் இருமுறைகூடத் தேவைப்படும். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம் இருந்தால் வேர்நுனி கருகும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது உத்தமம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலைமை தலைகீழ். தொடர்ந்து நனைந்தால் குருத்து அழுகும், மழை நேராகப் படாத இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். உரத்தை வாரம் ஒருமுறை மிகவும் நீர்த்துக் கொடுத்தால் போதும். மரக்கிளையில் தூசியைத் தின்று வளர்ந்த ஜாதி, விருந்து கேட்காது.

விலை இல்லாதது

இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019ல் வெளியிட்ட கணக்குப்படி நம் நாட்டில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் ஏற்காட்டில் அதே ஆய்வகம் ஓர் ஆர்க்கிட் காப்பகத்தை நடத்திவருகிறது. மலை ஆர்க்கிட்டுகளுக்கு இப்படிக் கவனிக்க ஆள் இருக்கிறது. பால்கனி ஆர்க்கிட்டுக்கு வாங்கியவர் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் சமவெளி ஆர்க்கிட் மாட்டிக்கொண்டிருக்கிறது. 1795ல் படம் வரையப்பட்ட அதே வாண்டா டெசல்லேட்டாதான்.

சோழமண்டலக் கரையின் புதர்க்காடுகளிலும், கோயில்காடுகளிலும், பழைய தோப்புகளிலும் அது இன்னும் இருக்கிறது. வாசனை உள்ள பூ. அந்த வாசனைக்காகவே கலப்பினம் உண்டாக்குகிறவர்கள் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வட இந்தியாவில் அதன் வேர் 'ராஸ்னா' என்ற பெயரில் மருந்துக்கும் போகிறது. தெற்கே அந்தப் பெயருக்குச் சித்தரத்தையைப் பயன்படுத்துவதால் இங்கே அந்த ஆபத்து கொஞ்சம் குறைவு. ஆனால் இங்கே வேறு ஆபத்து. அது பழைய மரத்தை நம்பி வாழ்கிறது. சாலையை அகலப்படுத்தவோ மனை பிரிக்கவோ ஒரு புளியமரம் சாய்ந்தால், மரத்துக்கு மதிப்பீடு போடுவார்கள், விறகுக்கு விலை பேசுவார்கள். கிளையில் ஒட்டியிருந்த செடி எந்தக் கணக்கிலும் வராது. புது மரம் நட்டாலும் அதன் பட்டை முதிர்ந்து, காற்றில் வந்த தூசி விதை அதில் ஒட்டி, சரியான பூஞ்சையும் அமைந்து, செடியாக வளர எத்தனை வருடம் ஆகும்!

வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. குடுவையில் பிறந்த நர்சரிச் செடியை வாங்குங்கள். காட்டுச்செடி என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். மரத்தில் உயிரோடு இருப்பதைப் பிய்க்காதீர்கள். சாய்ந்துபோன மரத்தில் கண்ணில் பட்டால், பக்கத்தில் நிற்கும் இன்னொரு பழைய மரத்தின் கிளையில் சணல் கயிற்றால் கட்டிவிடச் சொல்லுங்கள். வேர் பிடித்துக்கொண்டால் கயிறு தானே மக்கிப் போகும்.

இருநூறு வருடத்துக்கும் மேலாக உலகம் கோடிக்கணக்கில் செலவழித்துக் கற்றுக்கொண்டது ஒரே விஷயம்தான்: ஆர்க்கிட்டுக்கு அதன் இடம் வேண்டும். பால்கனியில் அந்த இடத்தைச் செயற்கையாக உண்டாக்கத் தெரிந்துகொண்டோம். ஊரில் ஏற்கெனவே இருக்கும் இடத்தை விட்டுவைக்கத் தெரிய வேண்டும்.

அடுத்த முறை ஒரு பழைய மாமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கிளையில் வார் போன்ற இலைகளும், தொங்கும் வெள்ளை வேர்களும் தெரிந்தால், அது புல்லுருவி அல்ல. ராக்ஸ்பர்க்கின் 42ஆவது படம்!